படத்தை மறைத்த அட்டை

பிரம்மதேசம்
19.6.1994

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ்மணி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டிருப்பீர்கள். பொங்கலன்று இலையில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவரும் எழுந்து போனதோடு சரி, அப்புறம் ஒரு வரி இல்லை. கிணற்றுத் தண்ணீர் எந்த நாள் யாருக்கு என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அதற்கு நான் என்ன செய்தேன்? பஸ் ஏறும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், காரியம் அப்படி.

சங்கவி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். படிக்க வரவில்லை. எழுத்தெல்லாம் தெரியும். அ, ஆ என்று வரிசையாகச் சொல்லுவாள். சேர்த்துப் படி என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் என்னோடுதான் பஸ்ஸில் வருகிறாள், என் வகுப்பிலேயேதான் உட்காருகிறாள். மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறியாவது வாசிக்கிறார்கள். டீச்சர் பெண் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள். எனக்கு வகுப்பில் தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கொழுந்தனார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "ஊரு பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுக்கற, உம்பொண்ணுக்கு வரல. அடுத்த ஜூனுக்கு செங்கல்பட்டுப் பக்கம் ஆஸ்டல்ல போட்டுடறேன். அவுங்க அடிச்சாவது படிக்க வச்சிடுவாங்க" என்கிறார். ஏழு வயசு, அக்கா. இன்னும் நான் தலை பின்னிவிட்டால்தான் உண்டு. இந்த ஒரு வருஷத்துக்குள் அவள் படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்.

நீங்கள் நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறீர்கள். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று உங்களைத்தான் கேட்பார்கள் என்று பெரியவர் பெருமையாகச் சொல்லுவார். நல்ல புத்தகமாக நாலைந்து அனுப்புங்கள். கொஞ்சம் கனமாக, நல்ல கருத்துள்ளதாக இருக்கட்டும். பள்ளி விலாசத்துக்கே அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

உங்கள்
தமிழ்மணி


விழுப்புரம்
27.6.1994

அன்புள்ள தமிழ்மணிக்கு,

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது உண்மைதான். ஐந்து மாதம் கழித்து, காரியம் என்று வந்ததும் ஓரகத்தி ஞாபகம் வந்ததே, சந்தோஷம். சொல்லாமல் போனேன் என்று குறைப்படுகிறாய். என் வீட்டுக்காரரை உன் வீட்டுக்காரர் கூடத்தில் நின்று அந்தப் பேச்சுப் பேசும்போது நீ அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா? என் பக்கத்துக் குறையும் ஆறாமல்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பிள்ளை விஷயத்தைப் பார்ப்போம்.

கனமாக அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். மூட்டை தூக்கவா போகிறாள் சங்கவி? நல்ல கருத்து வேண்டும் என்கிறாய். யாருக்கு, உனக்கா அவளுக்கா? எங்கள் நூலகத்துக்கு வருகிற அப்பா அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். புத்தகத்தைத் திருப்பிப் பின் அட்டையில் விலையைப் பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்தில் நீதியைப் பார்ப்பார்கள். நடுவில் இருக்கிற கதையைப் பார்க்கிறவர்கள் குறைவு.

எனக்கு முதலில் இதைச் சொல். சங்கவி எதற்குச் சிரிப்பாள்? தனியாக இருக்கும்போது என்ன பண்ணுவாள்? எதைப் பார்த்துப் பயப்படுவாள்? ஆளைத் தெரியாமல் செருப்பு வாங்க முடியாது, புத்தகம் மட்டும் எப்படி வாங்குவது?

எனக்குத் தெரிந்த சங்கவி போன வருஷம் இங்கே வந்தபோது நாள் பூரா பக்கத்து வீட்டு எருமையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நம்பி மூன்று புத்தகம் புக் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். என் நூலக அட்டையில் எடுத்தவை. குளத்தில் இறங்கிய எருமைக் கதைதான் முக்கியம். மற்ற இரண்டும் துணைக்கு. அவள் பார்க்கிற இடத்தில் போட்டு வை. கையில் திணிக்காதே.

செந்தாமரை


பிரம்மதேசம்
14.7.1994

அக்காவுக்கு,

புத்தகங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதமாட்டேன், எனக்கே கோபமாக இருக்கிறது.

பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. மிச்சமெல்லாம் படம். பையன் கூப்பிடுகிறான், எருமை அசையவே இல்லை. காக்கா கூப்பிடுகிறது, எருமை அசையவே இல்லை. தாத்தா கூப்பிடுகிறார், அப்போதும் எருமை அசையவே இல்லை. கடைசியில் வெயில் தாங்காமல் எல்லாரும் குளத்தில் இறங்கிவிடுகிறார்கள், எருமை எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறது. இதில் என்ன இருக்கிறது? பெரியவர்கள் கூப்பிட்டால் போகக்கூடாது என்றா கற்றுக்கொடுப்பது? பால்வாடிப் பிள்ளைக்குக் கொடுக்கிற புத்தகத்தை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறீர்கள். என் பெண்ணை அவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டீர்களே என்று இருந்தது.

சரி, நீங்கள் அனுப்பியதாயிற்றே என்று உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். கடகடவென்று ஒப்பித்தாள். எனக்குச் சந்தேகம். படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது. நாங்கள் டிரெய்னிங்கில் படித்த நாளிலிருந்து செய்கிற வேலைதான். ஒரு அட்டையை வெட்டிப் படத்தை மறைத்து, எழுத்தை மட்டும் காட்டிப் படி என்றேன். அவ்வளவுதான், வாய் அடைத்துக்கொண்டது. அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், சொல்லு, இது என்னா எழுத்து?" என்று கேட்கக் கேட்க அவள் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர சத்தம் வரவில்லை. கதையின் கருத்து என்ன என்று கேட்டதற்கும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அது படிப்பு இல்லை, மனப்பாடம். அதற்குப் புத்தகம் எதற்கு? நீதிக் கதையாக, எழுத்து நிறைய உள்ளதாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

தமிழ்மணி


விழுப்புரம்
20.7.1994

தமிழ்மணிக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கே பதில் எழுதி, அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் புருஷன்மாரைவிட மோசமாகச் சண்டை போட்டிருப்போம்.

படத்தை ஏன் மறைத்தாய்? நிஜமாகவே கேட்கிறேன். அந்தப் படத்தை வரைந்தவன் வெறும் அலங்காரத்துக்கா வரைந்தான்? காக்கா படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே 'கா' என்று ஆரம்பிக்கிற சொல்லைப் பிள்ளை துணிச்சலாகச் சொல்கிறது. அட்டையை வைத்து மறைத்தால், நீச்சல் பழகுகிறவன் கையிலிருந்து சுரைக்குடுக்கையைப் பிடுங்கினதுபோலத்தான். நீ சொல்கிற மனப்பாடம்தான் முதல் படி. வாய்க்கு வரி தெரிந்த பிறகு கண் அந்த வரியைத் தேடிப் போகும். போகட்டும், விடு.

நான் எப்படிப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறேன் என்று கேட்காமலே சொல்கிறேன். புதிதாக வந்தவற்றைப் பாயில் பரப்பிவிடுவேன். சாயந்திரம் பிள்ளைகள் வந்தால் நான் ரிஜிஸ்டர் எழுதுகிறமாதிரி உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்ப்பேன். எதை எடுத்ததும் வைக்கிறார்கள், எதற்கு இரண்டு தலை ஒன்றாக முட்டுகிறது, எதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மறுபடி வந்து எடுக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எந்தப் புத்தகம் ஓரமெல்லாம் சுருண்டு, எண்ணெய்க் கறை பட்டு இருக்கிறதோ அதுதான் நல்ல புத்தகம். புதுசாகவே இருக்கிற புத்தகத்தை நான் மறுபடி வாங்கச் சொல்வதில்லை, எவ்வளவு பெரிய கருத்து இருந்தாலும் சரி.

சின்ன வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து பெரிசாக இருக்க வேண்டும். ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும், அது வருவதற்கு முன்னாலேயே பிள்ளை வாய் திறக்க வேண்டும். ஒரு பக்கத்தில் நாலைந்து இடத்தில் முட்டிக்கொண்டால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, எடுத்து உள்ளே வை. முடித்ததும் "இன்னொரு தடவை" என்று கேட்டால், அதற்குமேல் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

உன் பள்ளிக்கூடத்தில் பீரோவுக்குள் புத்தகம் இருக்குமே, சர்க்கார் கொடுத்தது? பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். எருமைப் புத்தகத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை படிக்கச் சொல்லாதே. நீ அவளுக்குப் படித்துக் காட்டு. நீ பாடம் நடத்துவதை ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நரி பேசினால் நரியாகவே ஆகிவிட்டாய். எனக்கு அந்தக் குரல் கிடையாது, எட்டு ஊர் நூலகத்தில் வேலை பார்த்தும் வரவில்லை. இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

செந்தாமரை


பிரம்மதேசம்
2.10.1994

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. முதலில் வீம்பு. அப்புறம் எழுத நேரமில்லாமல் போயிற்று. வீம்பு எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

சாவி தாலிக்கொடியில் இல்லை, இடுப்பில் இருந்தது. கிழிந்தால் நான் பதில் சொல்ல வேண்டுமே என்று மூன்று வருஷமாகப் பீரோவைத் திறக்கவே இல்லை. ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் திறந்து, நீங்கள் சொன்னதுபோலப் பாயில் பரப்பினேன். அன்றைக்குக் காற்று அதிகம், யாரும் கடலுக்குப் போகவில்லை. அப்பாக்கள் சிலர் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் மார்க் போடுகிறமாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா, எவ்வளவு வேடிக்கை! தங்க எழுத்துப் போட்ட தடித்த நீதிக் கதைப் புத்தகத்தை ஒரு பிள்ளை எடுத்து உட்காருவதற்குப் பலகையாகப் போட்டுக்கொண்டது. கடலைப் பற்றி ஒரு படப் புத்தகம் இருந்தது, நான் அதைத்தான் எல்லாரும் அடித்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். ஒரு பெண் குழந்தை புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தக் கடல்ல ஆளே இல்லியே" என்று வைத்துவிட்டது. குடை காற்றில் பறக்கிற ஒரு மெல்லிய புத்தகம், அதற்குத்தான் சண்டை. இப்போது அது நான்கு துண்டாகி, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். நல்ல புத்தகம் என்று புரிந்துகொண்டேன்.

எனக்கும் ஒரு வழி அகப்பட்டிருக்கிறது. எந்தப் புத்தகமானாலும் முதலில் சத்தமாக ஒரு தடவை எனக்கே படித்துக்கொள்கிறேன். வாய்க்கு ருசியாக இருந்தால் வகுப்புக்கு. வாய் வலித்தால் பீரோவுக்கு. தவறினதே இல்லை.

எருமைக் கதையைத் தினமும் படித்துக் காட்டுகிறேன். அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். சங்கவி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்காருகிறாள். "எருமை" என்று நான் நிறுத்தினால் "அசையவே இல்லை" என்று வகுப்பே கத்துகிறது, அதில் அவள் குரலும் இருக்கிறது. தனியாகப் படி என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயம். நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்களிடம் கோபமாக எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாயில் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இத்தனை கற்றுவைத்திருக்கிறாளே என்று நேற்று ராஜாமணி டீச்சரிடம் உங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன்.

தமிழ்மணி


விழுப்புரம்
11.10.1994

அன்புள்ள தமிழ்மணிக்கு,

'இந்தக் கடல்ல ஆளே இல்லியே' என்ற பிள்ளைக்கு என் சார்பில் ஒரு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடு. போன வாரம் புத்தகத் தேர்வுக்கு உட்கார்ந்தபோது அதையே சொல்லி இரண்டு புத்தகத்தைத் தள்ளிவிட்டேன். "யாரும்மா இப்படிச் சொன்னது?" என்று கேட்டார்கள். மரக்காணத்தில் எனக்கு ஆள் இருக்கிறது என்றேன்.

உன் வாய் ருசிப் பரீட்சையையும் இங்கே பண்ணிப் பார்த்தேன். முருகையன் என்று எங்கள் உதவியாள், அவரிடம் புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு பக்கத்திலேயே, "மேடம், இது பேஜாரு" என்று கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷமாக நான் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது உன்னிடமிருந்து வந்தது என்று எழுதி ஒப்புக்கொள்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

சங்கவியைக் கேட்கப் பயப்படாதே, கேட்கவும் கேட்காதே. புதிதாக இரண்டு அனுப்பியிருக்கிறேன். எருமையை அவளே வைத்துக்கொள்ளட்டும். என் அட்டையில் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன்.

செந்தாமரை


பிரம்மதேசம்
22.1.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வந்திருக்கிறது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

பொங்கல் முடிந்து மாட்டைக் குளிப்பாட்டிய மறுநாள், புத்தகத்தில் இருந்த முத்திரையை உங்கள் கொழுந்தனார் பார்த்துவிட்டார். விழுப்புரம் என்று போட்டிருக்கிறதே. "அவுங்க ஊட்டுலேருந்து எனுக்குத் தெரியாம வாங்கிக்கினு இருக்கியா? எம் பொண்ணு படிக்கறதுக்கு அவுங்க தயவு வேணுமா?" என்று எருமைப் புத்தகத்தைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. நான் அடுப்படியில் அப்பளம் பொரித்த கதையை நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து, அப்புறம் பேசினேன். "அது உங்க அண்ணன் புக்கு இல்ல, சங்கவி புக்கு. எறக்கிக் குடுங்க" என்றேன். அவருக்கே ஆச்சரியம், இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிவிட்டு நானும் அவளும் வந்தோம். நான் கேப்பைக் களி கிளறப் போனேன். கூடத்தில் அவர் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சங்கவியை வம்புக்கு இழுக்கிறார். "இங்க பாரு, காக்கா கூப்புட்டுச்சி. எருமை எழுந்து ஓடியே போச்சி" என்று வேண்டுமென்றே தப்பாகப் படிக்கிறார். இவள், "இல்லப்பா, அங்க அப்பிடி இல்ல" என்கிறாள். "அப்பிடித்தான் இருக்குது." "இல்ல! இங்க பாரு, அ… சை… ய… வே. அசையவே. அசையவே இல்லை!" விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்துகிறாள், அக்கா. எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. களி அடிப்பிடித்து, அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் தின்றோம்.

அவர் எட்டாவது வரைக்கும் படித்தவர். டிரெய்னிங் எடுத்த எனக்கு ஒரு வருஷமாக வராதது அவருக்கு விளையாட்டில் வந்தது. சந்தோஷம் பொங்கியது, கொஞ்சம் பொறாமையும்தான்.

இப்போது கெட்டது. ஆஸ்டல் பணம் மார்ச் கடைசிக்குள் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. நான் எவ்வளவு கெஞ்சியும் அவர், "ஒரே புக்கை நூறு தபா கேட்டா நானுங்கூடச் சொல்லுவேன். அவ கேக்காத கதையா, கண்ணால பாக்காத புக்கா ஒண்ணு எடுத்துக்கினு வா. எம் முன்னாடி முழுசாப் படிக்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்கிறார். பேச்சு மாறமாட்டார், அது உங்களுக்கும் தெரியும்.

ஒரே ஒரு புத்தகம், அக்கா. அதில் அவள் முட்டிக்கொண்டு நின்றால் ஜூனில் பெட்டி கட்ட வேண்டியதுதான். ரொம்ப எளிதாக இருந்தால் இது பால்வாடிப் புத்தகம் என்பார், நான் சொன்னதையே. அந்த ஒன்றை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களைத் தவிர யாரையும் நான் நம்பமாட்டேன்.

தமிழ்மணி


விழுப்புரம்
29.1.1995

அன்புள்ள தமிழ்மணிக்கு,

அடிப்பிடித்த களி தின்ற குடும்பத்தைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. உன் வீட்டுக்காரர் சுகுமாரைப் பற்றி நான் இங்கே யாரிடமும் நல்ல வார்த்தை சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அந்தத் தப்பான வாசிப்பு எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்காத வித்தை.

நீ கேட்டது என் வேலையிலேயே கஷ்டமான கேள்வி. ஒரு வாரமாக அலமாரி முன்னால் நிற்கிறேன். பதினொன்று எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, கடைசியில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஒரு பூனை பால்காரர் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிற கதை. அளவான வரி, தெளிவான படம். சங்கவிக்கென்றே அடித்ததுபோல இருக்கிறது.

அதை நான் அனுப்பப் போவதில்லை. நாம் தேர்ந்தெடுத்து நாம் அனுப்பி அவள் படித்தால், அது மறுபடி ஒரு பரீட்சைதான். அவளை இங்கே அனுப்பு. ஆயிரம் புத்தகத்துக்கு நடுவில் நிற்கட்டும். அவள் எடுக்கட்டும். பூனையை அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருப்பேன், அவ்வளவு களவாணித்தனம் எனக்கு உண்டு.

சுகுமார் இந்த ஊருக்கு வரமாட்டார் என்று நீ எழுதுவாய். மல்லாட்டைக் கடலை பிடுங்கியதும் எங்கே விற்கப் போடுவார்? விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் விலை கூடுதலாகக் கிடைக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். அதை நீதான் காதில் போட வேண்டும். நூலகம் சனிக்கிழமையும் திறந்திருக்கும்.

செந்தாமரை


விழுப்புரம்
18.3.1995

அன்புள்ள தமிழ்மணிக்கு,

உனக்கு இன்று பயிற்சி முகாம், வர முடியவில்லை. அவர்கள் பஸ் ஏறி அரை மணிகூட ஆகவில்லை. உன் வீட்டுக்காரர் வந்து சொல்வதில் பாதிதான் இருக்கும், அதனால் நானே எழுதுகிறேன்.

கமிட்டியில் மூட்டையை இறக்கிவிட்டு நாலு மணிக்கு வந்தார்கள். சுகுமார் வாசற்படியோடு நின்றுவிட்டார். "வாங்க" என்றேன். "செருப்புல சேறு" என்றார். சேறு எங்கே இருக்கிறது இந்த மாசத்தில்? சரி என்று விட்டுவிட்டேன். சங்கவி மட்டும் உள்ளே வந்தாள். ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டு, என்னைவிட அலமாரியைத்தான் அதிகம் பார்த்தாள்.

பூனை முன்னாலேயே நின்றது. எடுத்தாள். புரட்டினாள். எனக்கு மனசுக்குள் மேளம் கொட்டியது. வைத்துவிட்டாள். "நல்லா இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக்கூடாது. "பூன பாவம் மாதிரியே இருக்குது பெரிம்மா, சிரிப்பே வரல" என்று நகர்ந்துவிட்டாள். இருபது வருஷ அனுபவத்தை ஒரு நொடியில் அலமாரியில் திருப்பிச் சொருகிவிட்டாள் உன் பெண்.

கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை உருவினாள். டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறிய கோழி. நான் அதை மூன்றாம் வகுப்புக்கு என்று வைத்திருந்தேன். வரிகள் நீளம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது வேணாண்டா கண்ணு, இன்னொண்ணு பாரு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ எழுதிய ஆஸ்டல் பெட்டி என் கண்முன் நிற்கிறது. முருகையன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். எப்படியோ வாயை மூடிக்கொண்டேன். அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு அந்தப் புத்தகத்தைப் பிடுங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

வாசற்படியில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சுகுமார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ம், படி" என்றார். ஆரம்பித்தாள். மெதுவாகத்தான். ஒரு வரியில் திக்கினாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி வந்தாள். மூன்றாம் பக்கத்தில் 'நடத்துனர்' என்று ஒரு சொல். அங்கே முட்டிக்கொண்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சொல்லை உதட்டாலேயே சொல்கிறேன், யாருக்குக் கேட்கும்? சங்கவி படத்தைப் பார்த்தாள். காக்கிச் சட்டை, பை, விசில். "கண்டக்டர்" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, க-ன்னு இல்ல, ந… நட… நடத்து… நடத்துனர்!" சுகுமார், "அப்பிடின்னா கண்டக்டர்தான்" என்றார். "அதான் எனுக்குத் தெரியுமே" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து உன் மூத்தார் சைக்கிளில் வந்து நின்றார். ரயில்வே ஷிப்ட் முடிந்து என்னைக் கூட்டிப்போக வருவார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சங்கவி நிமிரவே இல்லை, அவளுக்குக் கோழியைத் தவிர உலகத்தில் யாரும் இல்லை. பஸ்ஸில் கோழி சீட்டுக்கடியில் ஒளிகிறது, நடத்துனர் தேடுகிறார். இவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். போகவும் இல்லை, வரவும் இல்லை. அவள் மூச்சு வாங்கிப் பக்கம் திருப்பும்போது, தாங்க முடியாமல், "அப்பறம் என்னா ஆச்சி? கோழிக்கு டிக்கெட்டு போட்டாங்களா?" என்று கேட்டார்.

பிள்ளையைத்தான் கேட்டார். பதில் சொன்னது சுகுமார். "இன்னும் போடல. இரு, படிச்சிக்கினு இருக்காள்ல."

பதினான்கு மாதம் கழித்துப் பேசிய பேச்சு இது. உன் மூத்தார் இரு என்றதும் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் கோழிக் கதையை முடிவு வரைக்கும் கேட்டார்கள், கோழி பஸ்ஸிலேயே முட்டை போட்டு அதைக் கட்டணமாகக் கொடுத்தபோது ஒரே சமயத்தில் சிரித்தார்கள். கிணற்றுப் பேச்சு எடுக்கவில்லை. டீ குடித்தார்கள். கிளம்பும்போது சுகுமார் என்னிடம், "அண்ணி, இந்தப் புக்கு ஊட்டுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். என் அட்டையில் போட்டுக் கொடுத்தேன்.

ஆஸ்டலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ எழுது, நான் காத்திருக்கிறேன். நான் எடுத்து வைத்த பூனையைக் கொடுத்திருந்தால் அவள் படித்திருப்பாள், இவ்வளவு ஆசையாகப் படித்திருக்கமாட்டாள். அதை நினைத்து இன்னும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

செந்தாமரை


பிரம்மதேசம்
26.3.1995

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் ராஜாமணி டீச்சருக்குப் படித்துக் காட்டினேன், நரிக்குப் போடுகிற குரல், காக்காவுக்குப் போடுகிற குரல் எல்லாவற்றையும் போட்டு. பெரியவர் "கோழிக்கு டிக்கெட்டு போட்டாங்களா" என்று கேட்கிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அவர் வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னதுபோலப் பாதிகூடச் சொல்லவில்லை. "படிச்சா" என்றார், அவ்வளவுதான். ஆஸ்டல் கடிதம் சாமி மாடத்தில் அப்படியே இருந்தது. ஒரு வாரம் நான் அதைத் தினமும் பார்த்துவிட்டு விளக்கேற்றினேன். கேட்கவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டதுதான், கேட்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பது.

சங்கவி கோழிக் கதையைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாள். மல்லாட்டை உரிக்க வந்த கோவிந்தம்மாள் நடு வேலையில் உட்கார்ந்து கேட்டாள். எதிர்வீட்டில் இரண்டு தடவை. அவரிடம் தினமும். அவர் வரப்பு வெட்டப் போனால் பின்னாலேயே புத்தகத்தோடு போய் வரப்பில் உட்காருகிறாள். அவளுக்கு வெயில் படாமல் துண்டைத் தலையில் போட்டுவிட்டு அவர் வேலை பார்க்கிறார். நான் ஒரு நாள் சோறு கொண்டுபோனபோது அவள் ஒரு வார்த்தையில் நின்றாள், நான் பழக்கதோஷத்தில் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தேன். "நீ சும்மா இரு, அவளே வருவா" என்று என்னைக் கையமர்த்தினார். யார் டீச்சர் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்று காலை அந்தக் கடிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பணம் கட்டத்தான் திண்டிவனம் கிளம்புகிறார் என்று நினைத்துவிட்டேன். ஓரக்கண்ணெல்லாம் மறந்துபோய் வாசலை மறித்து நின்று கேட்டுவிட்டேன், "சொன்னபடிதான் படிச்சிட்டாளே, அப்பறமும் அனுப்பணுமா?" என்று.

"போன் பண்ணி வேணாம்னு சொல்லப் போறேன்" என்றார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அங்க போனா அவ யாருக்குப் படிச்சிக் காட்டுவா?"

உங்கள்
தமிழ்மணி